மாசிலாமணிக்குத் தோற்கத் தெரியாது

எங்கள் ஊர்க் கோபுரத்தில் முன்பு கடிகாரம் இருந்தது. மனமானிச் சட்டம் வந்த பிறகு அதைக் கழற்றிவிட்டு ஓர் ஊசியை மாட்டினார்கள். மணி தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஊர் என்ன நினைக்கிறது என்பது மட்டும் நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஊசி இடப்பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பு, வலப்பக்கம் சாய்ந்தால் ஆதரவு. தேர்தல் செலவு மிச்சம், விரல் மை மிச்சம், யோசிக்கிற சிரமம் மிச்சம் என்று அரசாங்கம் சொன்னது. மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போயிற்று என்பதற்குத் தனி ஊசி இல்லை.

அந்த ஊசியை ஆட்டுவிக்கும் மக்கள் கருத்து ஆணையத்தில் நான் அளவீட்டாளர். பெயர் செல்லக்கனி. ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு காப்பு உண்டு. அதுதான் மனமானி. ஒரு விஷயத்தைக் காதில் வாங்கும்போது நாடி எப்படித் துடிக்கிறது, தோல் எப்படி வேர்க்கிறது, மூச்சு எப்படிப் போகிறது என்று பார்த்து, உடம்பு மகிழ்ந்தால் 'ஆதரவு' என்றும், கொதித்தால் 'எதிர்ப்பு' என்றும் குறித்துக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால் 'கருத்து இல்லை'. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்பது இந்தக் கருவியை விற்றவர்களின் விளம்பரம். அவர்கள் எங்கள் ஊர் உடம்புகளைப் பார்த்ததில்லை.

ஊர் என்றேன். அதுவும் மிதக்கிற ஊர். கடல் ஏறிக் கரையூர்களைத் தின்ற பிறகு கட்டிய ஏழு மிதவூர்களில் எங்கள் நெய்தல்மேடு ஒன்று. ஏழையும் சங்கிலியால் பிணைத்து, நடைபாலம் போட்டு, குடிநீர்க் குழாய் இழுத்து, எழுவூர் ஒன்றியம் என்று பெயர் வைத்தார்கள். தனியாக மிதந்த ஊர்கள் புயலில் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். நாங்கள் பார்க்காதவர்கள். எங்களுக்குச் சங்கிலி மட்டுமே கண்ணில் பட்டது.

சங்கிலியை வெட்டுவேன் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தார் எங்கள் ஊர்முதல்வர். ஒன்றியத்தோடு பேசப் போனார், வந்தார், மறுபடியும் போனார். கடைசியில் விலகல் ஒப்பந்தம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதன்படி நாங்கள் ஒன்றியத்தை விட்டு முழுமையாக விலகிவிடுவோம். தண்ணீர் மட்டும் அவர்களிடமே வாங்குவோம், இரட்டை விலைக்கு. அவர்கள் போடும் விதிகளை மட்டும் மதிப்போம், ஆனால் விதி போடும் சபையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. சங்கிலி மட்டும் 'தற்காலிகமாக' அப்படியே இருக்கும். இந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த அமைச்சரே மறுநாள் அதை எதிர்த்துப் பதவியை விட்டார். அன்று மாலையே அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது.

'தற்காலிகமாக' என்ற சொல் ஒட்டாத பிரிவு ஒன்றே ஒன்று இருந்தது. வேறு மிதவூரில் பிறந்தவர்கள் உடனே பிறந்த ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கேயும் இனி நெய்தல்மேட்டுக்காரர்களைக் குடியேற விட மாட்டார்கள்.

என் கணவர் மாசிலாமணி திரைவாயில் பிறந்தவர். திரைவாய் என்றால் ஏதோ கண்காணாத சீமை இல்லை. எங்கள் வீட்டு மாடத்திலிருந்து பார்த்தால் அந்த ஊர்த் துணிக்கொடி தெரியும். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக் கடல். அங்கே மீன் பொரித்தால் இங்கே பூனை எழுந்து உட்காரும். அவர் அங்கே பிறந்தார், நான் இங்கே பிறந்தேன். பிறக்கும்போது யாரும் எங்களிடம் கருத்துக் கேட்கவில்லை.

அவர் பட்டிமன்றப் பேச்சாளர். சுவரொட்டிகளில் 'சிரிப்பலை' மாசிலாமணி. எங்கள் ஆணையத்தின் ஆண்டுவிழாவில் பேச வந்துதான் என்னைப் பார்த்தார். அன்று அவருக்குக் கொடுத்த அணி, 'வீட்டில் பார்த்துச் செய்யும் கல்யாணமே சிறந்தது'. காதலிப்பவர்களைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, பொன்னாடையோடு கீழே இறங்கி வந்து என் பெயரைக் கேட்டார். மேடையில் பேசியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "அது அணிங்க, இது நான்" என்றார். அந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒப்பந்தம் வந்த நாளிலிருந்து ஊர் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மரியபுஷ்பம் அக்காவின் ஆப்பக்கடைக்கு வந்து பார்த்திருந்தால் அது எத்தனை பிளவு என்று தெரிந்திருக்கும்.

"விலகணும். ஆனா இந்த ஒப்பந்தம் வேண்டாம்" என்றார் ஒருவர்.

"ஒப்பந்தம் நல்லாத்தான் இருக்கு. விலகத்தான் வேண்டாம்" என்றார் அடுத்தவர்.

"ரெண்டும் வேண்டாம். முதல்வர் மட்டும் விலகட்டும்" என்றார் மூன்றாமவர்.

"நீங்க மூணு பேரும் இலைய எடுத்துட்டு விலகுங்க, பின்னால ஆளு நிக்காவ" என்றாள் புஷ்பக்கா.

அவள் என்னிடம் வந்தபோது குரலைத் தாழ்த்தினாள். "எளா கனி, உன் கருவி சரியா வேலை செய்யுதா? எங்க வீட்டு அவுக செத்துப்போன அந்த வாரம் பூரா நான் அழுதுக்கிட்டே கெடந்தேன். தெருவுல ஒப்பந்தம் ஒப்பந்தம்னு கத்திக்கிட்டுப் போனாவ. காப்பப் பாத்தா 'கருத்து இல்லை'ங்குது. எனக்கா கருத்து இல்ல? ஒன்றியத்து ஆசுபத்திரிப் படகு வந்துதான் அவுகள அந்த மட்டுக்காவது வச்சிருந்துச்சு. அது இனி வராதுன்னா எனக்குக் கருத்து இருக்காதா?"

"அழுகைய அது படிக்காதுக்கா. சந்தோஷம், கோபம் ரெண்டுந்தான் அதுக்குத் தெரியும். துக்கத்தால எந்த அரசாங்கமும் வந்ததும் இல்ல, போனதும் இல்லன்னு அதை மட்டும் சேக்காம விட்டுட்டாவ."

"நல்ல கருவி" என்று சொல்லிவிட்டு அவள் ஆப்பச்சட்டியைத் துடைக்கப் போனாள்.

ஊசி நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாகவே பல வாரங்களாக நின்றது. நடுக்கோட்டைத் தாண்டினால்தான் ஒப்பந்தம் செல்லும். அதிகாரபூர்வ விவாதம் முடிகிற தருணத்தில் ஊசி எங்கே நிற்கிறதோ அதுவே ஊரின் முடிவு என்பது சட்டம். அந்த விவாதத்தை எப்படி நடத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் எங்கள் ஆணையர் திருமலைக்கொழுந்து. நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், கடைசியாகச் சொன்னது யாரோ அதையே செய்வார்.

"பட்டிமன்றமா வச்சிருவோம் செல்லக்கனி" என்றார். "அப்பந்தான் ஊரே வந்து உக்காரும்."

"சார், பட்டிமன்றத்துக்கு ஜனங்க சிரிக்க வருவாவ. இந்தக் காப்பு சிரிப்பையும் சம்மதத்தையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கிடும். வெட்டுறதப் பத்திப் பேசுறவரு சிரிக்க வச்சா, ஊரே வெட்டச் சொல்லுதுன்னு எழுதிரும். கைதட்டு வேற, கருத்து வேற சார்."

"வேறயா? ஓட்டுப் போட்ட காலத்துல மட்டும் நம்மாளுக யோசிச்சா போட்டாவ? யாரு நல்லாப் பேசுனாவளோ அவுகளுக்குப் போட்டாவ. நடுவுல ஒரு பெட்டி இருந்துச்சு, இப்ப அதை எடுத்தாச்சு."

"அப்ப ஒப்பந்தத்தையே ஊருக்கு வாசிச்சுக் காட்டலாமே."

"அமைச்சரவையில வாசிச்சுக் காட்டுனோம்லா. குறட்டைச் சத்தத்துல நாலாவது பக்கம் கேக்கல."

நான் கேட்கக்கூடாது என்று நினைத்த கேள்வியைக் கேட்டேன். "வெட்டுற அணிக்கு யாரு சார் பேசுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிக்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், அவரு ஜெயிச்சா அவரத்தான முதல்ல அனுப்புவீங்க?"

"அதுதாம்மா இதுல அழகே. அயலூர்ல பொறந்தவரே 'வெட்டிவிடுங்க'ன்னு பேசுதாருன்னா, அதுக்கு மேல ஒரு நேர்மை உண்டா? முதல்வரே ரசிச்சுட்டாரு."

"புருசன் பொண்டாட்டிக்காவது விலக்குக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டோம். முதல்ல விட்டுக்குடுத்ததும் அதைத்தான்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "பேரம்னா எதையாவது விட்டுக் குடுக்கணும்மா. நமக்குச் செலவில்லாம குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான் இருந்துச்சு."

நான் வீட்டுக்குப் போனபோது மாசிலாமணி உப்பு வெந்நீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு முந்தைய வாரம் முழுக்க அது நடக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் செம்பைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"எந்த அணின்னு கேட்டு வாங்குற வழக்கம் எங்ககிட்டக் கிடையாது கனி. குடுத்த அணிக்குப் பேசணும். சீதை அணி குடுத்தாலும் பேசணும், சூர்ப்பணகை அணி குடுத்தாலும் பேசணும். முடியாதுன்னா, 'பாத்தியா, அயலூர்க்காரன் புத்தியக் காட்டிட்டான்'னு உன்னத்தான் ஆபீஸ்ல குத்திக் காட்டுவாவ."

"நீங்க ஜெயிச்சா நீங்களே போகணும். தெரியுதா இல்லயா?"

"தெரியுது. அதான் தோக்கப்போறேன்."

"உங்களுக்குத் தோக்கத் தெரியுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லிக் குடு" என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். "ஜோக்குச் சொல்லாதீங்க. புள்ளிவிவரம் சொல்லுங்க."

"புள்ளிவிவரமா?" பத்தியச் சோறு போட்ட மாதிரி முகம் போயிற்று. "சரி."

"கூட்டுக்குடும்பக் குளியலறை ஜோக்கு வேண்டாம். அது எந்த ஊர்லயும் எடுபடும்."

"சரி. சாம்பார்?"

"அதுவும் வேண்டாம்."

"தோசை?"

"அத நான் கேட்டதே இல்லையே."

"புதுசு. இதுவரைக்கும் எங்கயும் சொல்லல. வேண்டாம்னா விட்டுருதேன்."

"வேண்டாம்."

என் தலையில் கைவைத்து, தோற்றுவிட்டு வருவதாகச் சத்தியம் செய்தார். சிரிக்கத் தோன்றியது, அழத் தோன்றியது. அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பவும் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

பட்டிமன்றத்துக்கு ஊரே வந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய துணியில் தலைப்பு எழுதியிருந்தது: 'நெய்தல்மேட்டின் நல்வாழ்வுக்குத் துணை நிற்பது ஒன்றியத்தோடு ஒட்டியிருப்பதா? ஒப்பந்தப்படி வெட்டிவிடுவதா?' மேடையோரம் இருந்த அளவீட்டுக் கூண்டில் நான் உட்கார்ந்திருந்தேன். கோபுரத்து ஊசியின் சின்ன நகல் என் முன்னால் இருந்தது.

ஒட்டும் அணியில் பேராசிரியை அங்கயற்கண்ணி பேசினார். புயலில் எந்தெந்த ஊர் எப்படிக் கவிழ்ந்தது, தண்ணீருக்கு எவ்வளவு கொடுப்போம், ஆசுபத்திரிப் படகு நின்றால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொல் பொய்யில்லை. கூட்டம் சுண்டல்காரரைத் தேடியது. அவர் வந்தபோதுதான் ஊசி முதல்முறையாக ஆதரவுப் பக்கம் அசைந்தது. அது சுண்டலுக்கான ஆதரவு என்று நான் குறிப்பில் எழுதினேன்.

பிறகு மாசிலாமணி எழுந்தார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஒன்றியக் கட்டண உயர்வின் சராசரி விகிதத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கத் தொடங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. இருமல் கேட்டது. ஊசி இடப்பக்கம் வழுக்கிக்கொண்டே போயிற்று. என் மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது முன்வரிசையில் ஓர் ஆள், பக்கத்தில் இருந்தவரிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "மாசிலாமணிக்குச் சரக்குத் தீந்துட்டு. வாரும், போவம்." நாற்காலியைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். ஐயோ என்று கூண்டுக்குள் எழுந்து நின்றுவிட்டேன்.

"நடுவர் அவர்களே!" என்றார். அந்தக் குரலே வேறு. "இவ்வளவு நேரம் நான் வாசிச்சது எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஒன்றிய சபையில தினமும் இப்படித்தான் வாசிக்கிறாங்க. நீங்க ஒரு நிமிஷம் தாங்கல, போற ஆளு எந்திரிச்சே போறாரு. நம்ம ஊர் உறுப்பினர் வருஷக்கணக்கா உக்காந்து கேட்டுட்டு இருக்காரு. அவரை விடுதலை பண்ண வேண்டாமா?"

கூட்டம் வெடித்தது. எழுந்தவர் உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவரை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. கூட்டுக்குடும்பம் வந்தது. "ஒரே வீடு, ஏழு மருமகள், ஒரே குளியலறை. அதுக்குப் பேர் ஒன்றியம். உள்ளே போனவங்க வெளியே வரணும்னா ஏழு பேரும் கூடித் தீர்மானம் போடணும். நாம வாளியும் துண்டுமா எத்தனை வருஷம் நடுவர் அவர்களே நிக்கிறது?" சாம்பார் வந்தது. சாம்பாரில் உப்புப் போடுவதற்கு ஒன்றியத் துணைக்குழு கூடிய கதை வந்தது. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. ஊசி நடுக்கோட்டைத் தொட்டு, அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது.

நிறுத்துங்கள் என்று கூண்டிலிருந்து கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்ததுதான் தப்பாகிப் போயிற்று.

"என் வீட்டுக்காரம்மா அந்தக் கூண்டுலதான் இருக்காங்க. ஊர் மனசையே அளக்குறவங்க. எங்க வீட்டுக்குள்ள மட்டும் மனமானியே தேவையில்லைங்க. தோசையத் திருப்புற சத்தம் கேட்டாலே போதும், ஊசி எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். 'சொய்ங்'னா ஆதரவு. 'டொப்'னா எதிர்ப்பு." ஒரு கணம் நிறுத்தினார். "சத்தமே இல்லைன்னா, தோசையே இல்லை!"

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். ஊசி நடுக்கோட்டைத் தாண்டியது. தாண்ட வைத்தது யார் சிரிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. என் சிரிப்பும் அதில் இருந்தது.

ஒட்டுவதும் வெட்டுவதும் நமக்கு இரு கண்கள் என்று நடுவர் வழக்கம்போலத் தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பொன்னாடையோடு இறங்கி வந்து என் முன்னால் நின்றார். தலையை நிமிர்த்தவில்லை. "அந்த ஆளு நாற்காலிய இழுத்துட்டாரு கனி" என்றார். "அந்தச் சத்தத்தத் தாங்க முடியல."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "தோசை நல்லா இருந்துச்சு" என்றேன்.

விலகல் நாளன்று வாணவேடிக்கை, சங்கு, முதல்வரின் உரை எல்லாம் இருந்தது. ஊர் பிய்த்துக்கொண்டு நகரும்போது விழுந்துவிடக்கூடாது என்று எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சங்கு முழங்கியது. ஊர் அசையவில்லை. சங்கிலிதான் தற்காலிகமாக இருக்கிறதே. ஆனாலும் சிலர் "நகருது, நகருது" என்று கத்தினார்கள். பற்று அதிகமான இரண்டு பேர் வாந்தியே எடுத்தார்கள். எதிரே திரைவாயின் துணிக்கொடி இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

அன்று உண்மையிலேயே நகர்ந்தவர்கள் பெட்டியும் பையுமாக நடைபாலத்தில் போனவர்கள் மட்டும்தான். என் கணவரும் அவர்களில் ஒருவர். பாலத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் கனி" என்றார்.

காவலர் சங்கடத்தோடு குறுக்கிட்டார். "ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. 'போறேன்'னு மட்டும் சொல்லுங்க. 'வாரேன்'னு சொன்னா நான் மேல தெரிவிக்கணும்." அவரும் என் கணவரின் ரசிகர். கூடவே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

என் கணவர் இரண்டையும் சொல்லாமல் போனார். வாசலை அடைத்தார்கள்.

தொலைபேசி அயல்நாட்டுக் கட்டணத்துக்கு மாறிவிட்டதால் அவர் காலையில் எதிர் மாடத்தில் நின்று மேடைக்குரலில் பேசுவார். என் குரல் அவ்வளவு தூரம் போகாது. நான் தோசைக்கல்லை மாடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். 'சொய்ங்' என்று கேட்டால் அவர் கையசைப்பார். எங்கள் குடும்பச் சங்கதி இரண்டு ஊருக்கும் தெரிந்தது. புஷ்பக்கா, "இன்னைக்கு ரெண்டு தடவ டொப்புன்னு கேட்டுச்சே, என்னளா சண்டை?" என்று கடையிலிருந்தே கேட்பாள்.

மழைக்காலம் வருவதற்குள் தண்ணீர் விலை எல்லோருக்கும் சுட்டது. ஊசி இடப்பக்கக் கடைசியில் போய் முட்டி நின்றது. ஒப்பந்தத்தை ஆதரித்தவர் என்று ஓர் ஆளைக்கூட ஊரில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாங்க பேச்சுக்குல்லா சிரிச்சோம்? ஒப்பந்தத்துக்கா சிரிச்சோம்?" என்றார்கள் ஆப்பக்கடையில்.

ஆணையர் என்னைக் கூப்பிட்டார். "சிரிப்பு வேற, சம்மதம் வேறயாம் செல்லக்கனி. எல்லாரும் சொல்லுதாவ. யாராவது அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொன்னேன் சார்."

"நீ சொன்ன. ஊசி சொல்லலியே."

மறுபடியும் சேர்த்துக்கொள்ளும்படி எங்கள் அரசாங்கம் ஒன்றியத்திடம் கேட்டது. பாலமும் குழாயும் இருப்பது திரைவாயில் என்பதால் திரைவாய் மக்களின் கருத்தே முடிவு என்று ஒன்றியம் சொல்லிவிட்டது. அந்தக் கருத்தை அளக்க அவர்களிடமும் இப்போது மனமானி இருந்தது. விலகிய பிறகு நெய்தல்மேடு ஏற்றுமதி செய்த ஒரே பொருள் அதுதான். கருவியோடு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற எங்கள் அனுபவத்தையும் இலவசமாக அனுப்பியிருந்தோம். அவர்கள் பட்டிமன்றம் அறிவித்தார்கள்.

மறுநாள் காலை எதிர் மாடத்தில் அவர் நின்றார். குரல் உடைந்திருந்தது.

"கனி! 'சேர்க்கக் கூடாது' அணி எனக்கு! அங்க இருந்து வந்தவன், எந்தப் பக்கம்னு தெரியணுமாம்!"

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"பயப்படாத! இந்தத் தடவ வாயவே தெறக்க மாட்டேன்! பேசுனாத்தான ஜெயிப்பேன்? சும்மா நின்னுட்டு எறங்கிருதேன்! சத்தியமா!"

தோசையை மெதுவாகத் திருப்பினேன். 'சொய்ங்' என்றது. அவர் கையசைத்தார்.

அன்று மாலை எங்கள் ஊர் முழுக்க விளிம்புக் கம்பியோரம் வந்து நின்றது. எதிரே மேடை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி தெரிந்தது. எங்கள் தண்ணீர், எங்கள் ஆசுபத்திரிப் படகு, அடுத்த புயலுக்கு எங்களுக்கு இருக்கப்போகும் துணை எல்லாம் அந்த மேடையில் இருந்தது. என் கணவர் திரும்பி வருவாரா என்பதும் அங்கேதான் இருந்தது.

அவரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, கம்பியோரம் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பார்த்துக்கொண்டே நின்றார். நாற்காலிகள் அசைந்தன. யாரோ இருமினார்கள். அந்தச் சத்தம் அவரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். என் மனிதர் முதல்முறையாகத் தோற்கக் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

அப்போது கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "அங்கயே பாத்துட்டு நிக்காரு பாரு! அவுகளச் சேக்குறதப் பத்திப் பேச ஒண்ணுமே இல்லயாம்!"

ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு பத்து, பிறகு அந்த ஊர் முழுக்க. அவர் பதறிப்போய், "இல்ல, இல்ல" என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அதைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நடுவரே எழுந்து கைதட்டினார். திரைவாய்க் கோபுரத்தில் ஊசி 'கூடாது' பக்கம் ஏறிப்போய் நின்றது.

எங்கள் கம்பியோரமும் சிரித்துக்கொண்டிருந்தது. "பாரேன், பேசாமலே என்ன அடி அடிக்காரு!" என்று புஷ்பக்கா என் தோளில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் கோபுரத்து ஊசியும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. எங்களைச் சேர்க்கக் கூடாது என்பதை நாங்களும் பெருவாரியாக ஆதரித்துவிட்டோம்.

மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டி இல்லை, கல் இல்லை, அவருக்குச் சொல்ல என்னிடம் எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு ஊரிலும் அன்று சிரிக்காமல் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணீர் கையில் விழுந்தபோது காப்பைப் பார்த்தேன்.

'கருத்து இல்லை' என்று காட்டியது.